முகவரி வழங்கும் சுவிட்ச்

ஓர் ஊரில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒருவருடைய கடிதம் மற்றவர் கைக்குச் செல்லும், இருவரும் அவதியுறுவர். கணினி உலகிலும் இதே நிலைதான். வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் ஒன்று வேண்டும். 192.168.10.25 என்பது போல நான்கு பகுதிகளாக அது எழுதப்படும். ஒரே எண்ணை இரு கணினிகள் பெற்றுவிட்டால் இரண்டின் இணைப்பும் தடுமாறும். கல்லூரி விண்ணப்பத்தின் இறுதி நாளன்று இவ்வாறு நேர்ந்தால் ஒரு மாணவியின் ஓராண்டே வீணாகலாம் அன்றோ?

நாற்பது கணினிகள் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அதன் முகவரி, வலையின் எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க், வெளியுலகிற்கு வாயிலாக உள்ள கேட்வே, இணையதளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். ஆகிய நான்கு விவரங்களையும் கையால் பதிக்க வேண்டும். ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் தொல்லைதான். இத்தொல்லையை நீக்க வந்ததே டி.எச்.சி.பி. என்னும் முறை. 1985-இல் வெளிவந்த பூட்பி என்ற முறையின் வழித்தோன்றலாக 1993-இல் இது வகுக்கப்பட்டது. 1997-இல் ரால்ஃப் டிரோம்ஸ் என்பார் எழுதிய திருத்திய வடிவமே பின்னர் நிலைபெற்றது.

இது நான்கு படிகளில் நடைபெறுகிறது. புதிதாக வந்த கணினிக்கு எவரையும் தெரியாது. ஆதலால் "முகவரி தருவார் உண்டா?" என்று வலை முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. "இந்த எண் உள்ளது, கொள்கிறாயா?" என்கிறது வழங்கும் கருவி. "அதையே கொள்கிறேன்" என்று கணினி மீண்டும் எல்லாருக்கும் அறிவிக்கிறது. "தந்தேன்" என்று முடிவான மறுமொழி வருகிறது. மூன்றாம் படியை ஏன் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும்? வேறொரு கருவியும் எண் தர முன்வந்திருந்தால், அது தன் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காகவே.

சுவிட்ச் என்றதும் மின்விளக்கின் சுவிட்சை எண்ணிவிடாதீர்கள். பல கணினிகளின் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டி அது. நம் விருப்பப்படி கட்டளையிடக்கூடிய வகையை மேனேஜ்டு சுவிட்ச் என்பர். அவற்றுள் பலவற்றில் முகவரி வழங்கும் வசதி உள்ளேயே அமைந்திருக்கும். அதைப் பயன்படுத்தும் விதம் வருமாறு:

1. சுவிட்சுக்கு நிலையான முகவரி கொடுக்க வேண்டும். ரௌட்டருக்கு 192.168.10.1 எனில், சுவிட்சுக்கு 192.168.10.2 எனலாம். மாஸ்க் 255.255.255.0.

2. அச்சுப்பொறி போன்ற நிலையான கருவிகளுக்காக 1 முதல் 20 வரையுள்ள எண்களை விலக்கி வைக்க வேண்டும்.

3. எஞ்சிய 21 முதல் 254 வரையுள்ள 234 எண்களை வழங்கும் தொகுப்பாக அமைத்து, கேட்வே, டி.என்.எஸ். விவரங்களையும் அதனுடன் சேர்க்க வேண்டும்.

4. தவணைக் காலத்தைக் குறிக்க வேண்டும். முகவரி சொந்தமாகத் தரப்படுவதில்லை, கடனாகவே தரப்படுகிறது. தவணையில் பாதி கழிந்ததும் கணினி தானே புதுப்பிக்கக் கேட்கும். ஆய்வுக்கூடத்திற்கு ஒரு நாள் தவணை போதும்.

5. அமைப்பைச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிடில் மின்சாரம் போய் வந்ததும் செய்த வேலையெல்லாம் அழிந்துவிடும்.

பின்னர்க் கணினிகளில் "முகவரியைத் தானாகப் பெறுக" என்பதைத் தேர்ந்தால் போதும். கிடைத்த முகவரி 169.254 என்று தொடங்கினால், கேட்ட குரலுக்கு எவரும் மறுமொழி தரவில்லை என்பது பொருள். கம்பியையும் தொகுப்பையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒரு வலையில் முகவரி வழங்கும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். சுவிட்ச் வழங்குமாயின் ரௌட்டரில் அவ்வசதியை நிறுத்திவிட வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறு ரௌட்டர் ஒன்றை யாரேனும் செருகினால் அதுவும் எண்களை வழங்கத் தொடங்கும். தவறான வாயிலைக் காட்டும், இணைப்பு அறுந்துபோகும். தீய எண்ணம் கொண்டவர் செருகினால், நம் கணினி அனுப்பும் செய்திகளையெல்லாம் தம் கருவி வழியே திருப்பிக்கொள்வதும் இயலும். இதைத் தடுக்க டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்னும் காவல் உண்டு. கணினிகள் செருகும் போர்ட்டுகளை "நம்பத்தகாதவை" என்று குறித்துவிட்டால், அவ்வழியே வரும் போலி வழங்கல்களைச் சுவிட்ச் தள்ளிவிடும்.

தோழியரே, கம்பியும் கருவியும் ஆடவர்க்கே உரியன என்று எண்ணற்க. சுவிட்சுகளை வளையமாக இணைத்துவிட்டாலும் செய்திகள் ஓயாது சுழன்று வலை முடங்காதபடி காக்கும் முறையை 1985-இல் கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி. அமெரிக்காவில் 1965-இலேயே கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் மேரி கென்னத் கெல்லர் என்னும் கன்னியாஸ்திரி. மேற்கூறிய ஐந்து படிகளும் நம்மால் இயலாதவை அல்ல. ஆசிரியரின் இசைவுடன் செய்து பழகுவோம். வலை நின்றுபோன நாளில் பழுது பார்ப்பவரின் வருகைக்காகக் காத்திராமல், காரணத்தை நாமே தேடத் தகுதி பெறுவோம்.