ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சுதா? மூட்டையைத் தொடும் முன் இதைப் படிங்க!

சேலத்துல ஆபரேஷன் முடிஞ்சு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டு வீட்டுக்கு அப்பாவை அழைச்சுட்டு வந்தாச்சு. காபி பழம் பறிக்கிற சீசன் வேற. ‘தையல்தான் ஆறிடுச்சே, ஒரு மூட்டைதானே’னு அவர் கிளம்புவார். அங்கதான் சிக்கலே!

தொடை இடுக்கு ஹெர்னியா என்பது, அடிவயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியா குடலோ, கொழுப்போ பிதுங்குறது. வாழ்நாளில் சுமார் 27 சதவிகித ஆண்களுக்கு இது வரலாம். பெரும்பாலும் அந்த இடத்தில் மெஷ் எனும் வலையை வைத்துச் சரிசெய்வார்கள். மேல் தோல் 2 வாரத்தில் ஆறிடும். ஆனா, உள்ளே வலையோடு தசை ஒட்டிப் பலமாக இன்னும் சில வாரங்கள் ஆகும். அதனால மூட்டை, தண்ணிக்குடம், மிளகு பறிக்க ஏணி ஏறுறது எல்லாம் 4 முதல் 6 வாரங்களுக்கு வேண்டாம். டாக்டர் சொன்ன பிறகே ஆரம்பிக்கணும்.

அதுக்காகப் படுத்தே இருக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெதுவா நடக்கலாம். இருமல், தும்மல் வந்தா காயத்தின் மேல் கையால் மெல்ல அழுத்திக்கோங்க. முக்கினால் தையலுக்கு அழுத்தம் கூடும். அதனால தண்ணீர், கீரை, பழம் முக்கியம். சிகரெட், பீடி காயம் ஆறுறதைத் தாமதப்படுத்தும், இருமலையும் கூட்டும். சட்டுனு பிரேக் போட்டாலும் வலிக்காத நிலை வந்த பிறகே பைக்கைத் தொடலாம்.

விரைப்பையில் லேசான வீக்கமோ, நீலம் பாரிச்ச நிறமோ வந்தா பயப்படாதீங்க. பொதுவா 2 வாரத்தில் குறையும். அதே இடத்தில் நீர் கோத்து மறுபடியும் கட்டி மாதிரி தெரியலாம். பெரும்பாலும் தானா வத்திடும். ‘ஹெர்னியா திரும்ப வந்துடுச்சு’னு நீங்களே முடிவு பண்ணாம, டாக்டர்கிட்ட காட்டுங்க. அமுக்கிப் பார்க்கிறது, ஊசியால் குத்துறது கூடவே கூடாது.

ஆனா, இதெல்லாம் வந்தா காத்திருக்காதீங்க:

* காய்ச்சல், காயத்தில் சீழ், பரவுற சிவப்பு
* 6 - 8 மணி நேரமா சிறுநீர் வராதது
* வாந்தியோடு வயிறு உப்புசம்
* விதையில் கடுமையான வலி, வேகமா பெருகும் வீக்கம்
* கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல்

மலையில ராத்திரி, மூடுபனியில் கீழே இறங்குறது லேசான காரியமில்லை. சாயங்காலம் சந்தேகம் வந்தா, ‘காலைல பார்த்துக்கலாம்’னு தள்ளிப்போடாம உடனே கிளம்புங்க. அவசரம்னா 108.

3 மாசம் தாண்டியும் வலி இருக்கா? பொறுத்துக்க வேண்டியதில்லை. நரம்பு காரணமா இருக்கலாம், சிகிச்சை இருக்கு. கூச்சப்பட்டு அப்பா சொல்லாம விடலாம். நீங்க கேளுங்க!