பழம் படத்திலுள்ள பதக்கங்களைப் படித்தறிவது எப்படி?

இந்நாட்டுத் தமிழர் இல்லங்கள் பலவற்றில், சாமி படங்களுக்கு அடுத்தபடியாகச் சீருடை அணிந்த ஒரு பெரியவரின் படம் மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். "தாத்தா பட்டாளத்தில் இருந்தார்" என்பதே பேரப்பிள்ளைகள் அறிந்த வரலாறு. எந்தப் பட்டாளம், எந்த யுத்தம் என்று கேட்டால் விடை வராது. சில வீடுகளில் விடை மிக விரைவாக வந்துவிடும். ஆனால் அது பிழையாக இருக்கும். காக்கிச் சட்டையும் மார்பில் ஒரு பதக்கமும் கண்டால், "நேதாஜியின் படையில் இருந்தவர்" என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அப்படையில் இருந்தது பெருமையே. ஆயினும் ஒருவர் செய்யாத சேவையை அவர் பெயரில் ஏற்றினால், அவர் மெய்யாகவே செய்த சேவை மறைந்துபோகும். ஆகவே படத்தை முறையாகப் படித்தறிதல் வேண்டும்.

முதலாவதாக, படம் இடவலம் மாறாமல் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடவர் சட்டையில் இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் அதன் கீழாகவும் அமைந்து பொத்தானிடப்படும். பதக்கங்களோ, அவற்றைப் பெற்றவரின் இட மார்பில் இருக்கும். இவ்விரண்டும் மாறித் தோன்றினால், படம் திருப்பி அச்சிடப்பட்டதென்று கொள்ளலாம். பொத்தான் சரியாக இருந்து, பதக்கம் மட்டும் வல மார்பில் இருந்தால், அது அவருடையதன்று. காலமான தந்தை முதலிய உறவினரின் பதக்கத்தை வல மார்பில் அணிவது பிரிட்டிஷ் வழக்கம்.

இரண்டாவதாக, பதக்கத்தைவிட அது தொங்கும் நாடாவையே கூர்ந்து நோக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்திற்காகப் பிரிட்டிஷார் வழங்கிய வெண்கல நட்சத்திரங்கள் யாவும் ஆறு முனை கொண்டவை. படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றை வேறுபடுத்துவது நாடாவே. 1939-45 நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் ஆகிய மூன்று பட்டைகளும் சம அகலத்தில் இருக்கும். பர்மா நட்சத்திரத்தில் நடுவே அகன்ற சிவப்பும், இருமருங்கும் கருநீலமும், அந்நீலத்தினூடே மெல்லிய ஆரஞ்சுக் கோடும் உண்டு. 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை மலாயா, சிங்கப்பூர்ப் போர்க்களத்தில் நின்றவர்களுக்குரியது பசிபிக் நட்சத்திரம். அதன் நாடாவின் நடுவில் மஞ்சள் கோடு இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை எவ்வாறு காண்பது என்ற வினா எழலாம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பழைய காலத்துப் பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் சிவப்பு ஒளியை உணரும் ஆற்றல் இல்லை. ஆதலால் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் பதியும். பின்னர் வந்த, எல்லா நிறங்களையும் உணரும் பிலிமில் சிவப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். ஒரே நாடா இரண்டு படங்களில் இரு விதமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. எனவே நிறத்தை ஊகிப்பதைவிட, கோடுகள் எத்தனை, எது அகலம், இருபுறமும் ஒன்றுபோல் உள்ளனவா என்று கணக்கிடுவதே தக்க முறை.

மூன்றாவதாகக் கையையும் தோளையும் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மேற்கையில் ஒரு வளைகோடு இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதாருக்கும், இரண்டு சுபேதாருக்கும் உரியவை. முன்கையில் உள்ள கோடுகள் பதவியைக் குறிப்பன அல்ல. அவற்றைக் கொண்டு தாத்தாவுக்குப் பதவி உயர்வு வழங்கிவிடக்கூடாது!

இனி, இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிப் பார்ப்போம். 1942-இல் தோன்றி, 1943-இல் நேதாஜியின் தலைமையில் புத்துயிர் பெற்ற அப்படையில், மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் கிடங்குகளிலிருந்து அப்படைக்கு உடைகள் கிடைத்தமையால், துணியைக் கொண்டு மட்டும் எதையும் தீர்மானிக்க இயலாது. 'சேர்-இ-ஹிந்த்' முதலிய விருதுகளைத் தற்காலிக அரசு ஏற்படுத்திய போதிலும், அவற்றைப் பெற்றவர் சிலரே. ஆகவே மார்பு நிறையப் பதக்கம் அணிந்த படம் பெரும்பாலும் வேறொரு சேவையையே குறிக்கும். அதற்காக அவர் நேதாஜியின் படையில் இருந்ததே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் அப்படையில் சேர்ந்தனர். ஒருவரே இரு படைகளிலும் இருந்திருக்கலாம்.

ஓர் உதாரணம் கொள்வோம். தாத்தா 1943-இல் எடுத்துக்கொண்ட படம் என்று ஒரு வீட்டார் சொல்கின்றனர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், வட்டமான ஒரே பதக்கம். நாடாவின் மேல் குறுக்காக 'மலாயா' என்று பொறித்த உலோகப் பட்டை. பதக்கத்தில் அரசியின் தலை. இது 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான அவசரகாலச் சேவைக்கு உரிய பொதுச் சேவைப் பதக்கம். இதன் நாடா ஊதா நிறம், நடுவில் பச்சைக் கோடு. எலிசபெத் அரசி பட்டத்திற்கு வந்தது 1952-இல். எனவே படம் அதற்குப் பிற்பட்டதே. படையினரேயன்றி மலாயாப் போலீசாரும் இப்பதக்கத்தைப் பெற்றனர். அந்தத் தாத்தா அவசரகாலத்தில் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றவராக இருக்கலாம். அச்சம் நிறைந்த அந்நாட்களில் அது சிறிய சேவையன்று. அதைச் சொல்ல அவர் வீட்டில் எவரும் இல்லாமற்போனதே குறை.

பதக்கமே பெட்டியில் இருந்தால் வேலை எளிது. முதல் உலக யுத்தப் பதக்கங்களிலும், மேற்கூறிய பொதுச் சேவைப் பதக்கத்திலும், பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப் பிரிவும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் புளியிட்டோ சாம்பலிட்டோ தேய்த்தால் எழுத்து அழிந்துபோகும். படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும் தேதியும் இருக்கக்கூடும். அதைச் சட்டத்திலிருந்து பிய்த்தெடுக்காமல், பின் அட்டையை மெல்லக் கழற்றிப் பார்த்து, கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்வது நலம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், வீட்டிலுள்ள முதியவரிடம் படத்தைக் காட்டி, அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். நாடாவைப் பற்றி நாளையும் அறிந்துகொள்ளலாம். அவருடைய நினைவோ நாளை வரை காத்திருக்குமென்று சொல்வதற்கில்லை.