கதைப்புத்தகம் வாசித்த பெண்கள்: ஒரு வருடம், பன்னிரண்டு காதல் நாவல்கள்

யாழ்ப்பாணத்தில் “அவள் கதைப்புத்தகம் வாசிக்கிறவள்” என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு அல்ல. பாடப்புத்தகத்தை வைத்துவிட்டு வேறெதையோ படிக்கிறாள், கனவு காண்கிறாள், கவனமாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஆண்கள் வாசிகசாலையில் பத்திரிகை விரித்து அரசியல் பேசலாம். பெண்கள் காதல் கதை வாசிப்பதென்றால் மாட்டுத்தாள் உறை போட்டுத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

அப்படி உறைபோட்டு மறைக்கப்பட்ட புத்தகங்களைக் கடந்த ஒரு வருடமாக வாசித்தேன். ‘வாசிப்புச் சவால்’ என்பது இன்று உலகெங்கும் வாசகர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் ஓர் இலக்கு. இத்தனை மாதங்களுக்குள் இத்தனை புத்தகம், இன்ன வகை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, வாசித்தபின் ஒவ்வொன்றைப் பற்றியும் அபிப்பிராயம் எழுதி வைப்பது. நானும் இரண்டு நண்பிகளும் எடுத்துக்கொண்ட வகை காதல் நாவல். மாதத்துக்கு ஒன்று. பன்னிரண்டில் பாதியாவது ஈழத்தில் எழுதப்பட்டதாகவோ ஈழத்தைப் பற்றியதாகவோ இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

“உனக்கு எழுத வேற விஷயம் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டவர்கள் உண்டு. காணி, காணாமலாக்கப்பட்டோர், புதைகுழி என்று எழுத இத்தனை இருக்கையில் காதல் நாவல் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் வாசித்து முடிக்கும்போது எனக்குக் கிடைத்தது.

காதல் நாவல் என்றால் என்ன?

காதல் வருகின்ற நாவல் எல்லாம் காதல் நாவல் ஆகாது. அமெரிக்காவின் காதல் நாவலாசிரியர் சங்கம் இரண்டு அடையாளங்களைச் சொல்கின்றது. கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும். முடிவு வாசகருக்கு நிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். இலண்டனில் 1908இல் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் இந்தச் சூத்திரத்தில்தான் வளர்ந்தது. 1930களின் பொருளாதார மந்த காலத்தில், வாடகை நூலகங்களை நாடிய பெண் வாசகர்களை நம்பி, அது காதல் கதைகளையே தன் தொழிலாக்கிக்கொண்டது.

பமீலா ரீஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட நூலில் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்கிறார். அவற்றுள் எனக்கு அதிகம் பயன்பட்டது ‘தடை’ என்ற உறுப்பு. காதலர் இருவரும் சேரவிடாமல் எது நிற்கின்றது? ஒரு நாவலிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அது எந்தச் சமூகத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு புத்தகங்களிடமும் இதையே கேட்டேன்.

1914: தெல்லிப்பழையிலிருந்து ஒரு குரல்

எங்கள் பட்டியலில் மிகப் பழையது மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’. 1914இல் வெளிவந்த இந்த நாவலை எழுதியவர் தெல்லிப்பழையைச் சேர்ந்த ஒரு பெண். ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவலாக இது கொள்ளப்படுகின்றது. கிறிஸ்தவப் போதனை நிறைந்த, பழைய நடை. முதல் ஐம்பது பக்கங்களைத் தாண்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

ஆனால் தாண்டியபின் திகைத்துப்போனேன். கண்மணி பெரியவர்களின் சொல்லுக்கு அமைந்து மணம் முடித்துத் துன்பப்படுகிறாள். அவளுடைய தோழி பொன்மணி, தான் விரும்பியவனைத் தானே தேர்ந்துகொள்கிறாள். இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாருடைய வாழ்வு நன்றாக அமைந்தது என்று பாருங்கள் என்று வாசகரிடம் சொல்வதுபோல் இருக்கின்றது அந்த அமைப்பு.

இந்த நாவலுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர்தான், 1911இல், யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்குச் சீதனமாக வந்த காணி அவளுடையதுதான். ஆனால் அதை விற்பதற்கு அவள் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறவேண்டும். இந்தச் சட்டத்தோடு சேர்த்து வாசித்தால், தவறான ஒருவனைக் கட்டிக்கொள்வது யாழ்ப்பாணப் பெண்ணுக்கு மனம் நொறுங்குகிற விடயம் மட்டுமல்ல என்பது விளங்கும். வளவும் வயலும் அவனுடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கும்.

வீரகேசரிக் காலம்

1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளும் நாவல்களும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடைவெளியில் வீரகேசரி நிறுவனம் மலிவுவிலையில் உள்ளூர் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. எங்கள் ஊர், எங்கள் பேச்சு, எங்கள் காதல் என்று ஒரு வாசகர் கூட்டம் உருவானது அப்போதுதான். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வர, இந்தியப் புத்தகங்கள் மறுபடி வந்து குவிந்தன. உள்ளூர் முயற்சி தேய்ந்தது.

அந்தக் குறுகிய காலத்தில் வந்த இரண்டைச் சொல்ல வேண்டும். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கரைக்குத் தொழிலுக்கு வந்து வாடி அடிக்கும் மீனவர்களையும் தீவுப் பெண்களையும் பற்றியது. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இதில் காதலுக்கு ஒரு தவணை உண்டு. காற்று மாறினால் வாடி கலையும், வந்தவர்கள் போய்விடுவார்கள். உரையாடல்களில் உப்புக்காற்றும் மீன்வாசமும் இருக்கின்றன. கடலோரத்து மனிதர்களைத் தூரத்தில் நின்று இரங்கிப் பார்க்காமல், அவர்களுடைய தொழிலின் நுணுக்கங்களோடு எழுதியிருப்பதுதான் இந்த நாவலின் பலம். பன்னிரண்டில் என்னை ஒரே இருப்பில் வாசிக்க வைத்தது இதுதான்.

மற்றது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, 1973. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பில் நடக்கின்றது. காட்டையும் வேட்டையையும் அறிந்த கதிராமன், வெளியுலகம் அறியாத பதஞ்சலி, அவர்களுடைய சிறிய குடிசை. அங்கே படித்த இளைஞனான ஆசிரியர் சுந்தரலிங்கம் வருகிறார். மிச்சத்தைச் சொல்லமாட்டேன். பதஞ்சலி படிக்க ஆசைப்படும் பகுதியை மட்டும் சொல்கிறேன். எழுத்தைக் கற்றுக்கொள்கிற பெண் அதோடு சேர்த்து வேறொரு உலகத்தையும் கற்றுக்கொள்கிறாள். அவளுக்கு ஆபத்தும் அந்த வழியிலேயே வருகின்றது. அவளுடைய வெகுளித்தனத்தை ஆசிரியர் அளவுக்கு மீறி இரசிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. என் நண்பி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. காட்டோரத்துப் பெண்ணின் உலகை உள்ளிருந்து எழுதிய வேறு நாவல் எது என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். பல தசாப்தங்கள் திரும்ப முடியவில்லை. அந்தப் பெயரை இன்றைய தலைமுறை கேள்விப்படுவது குருந்தூர்மலைச் செய்திகளில்தான். ஒரு காதல் நாவலாகத் தொடங்கிய புத்தகத்தை இப்போது வாசிக்கும்போது, அங்கே வயல் எப்படி வெட்டினார்கள், குளத்தில் எப்படி மீன் பிடித்தார்கள், எந்த மரத்தின் கீழ் யார் இருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சியமாகவும் நிற்கின்றது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்கத் தேவையில்லை.

விளக்கடியில் ரமணிசந்திரன்

பட்டியலில் நான்கு புத்தகங்கள் ரமணிசந்திரனுடையவை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய தமிழகத்து எழுத்தாளர். இலக்கியவாதிகள் பெயரைச் சொல்லவே தயங்கும் இவரை யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒருகாலத்தில் எப்படித் தேடி வாசித்தார்கள் என்பதை என் சின்னம்மாதான் விளக்கினார்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி என்று பலதுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த விளக்கில்தான் படிப்பும் சமையலும். சின்னம்மாவின் ஒழுங்கையில் அப்போது எட்டோ ஒன்பதோ கதைப்புத்தகங்கள்தான் இருந்தனவாம். முன்பக்கமும் கடைசிப்பக்கமும் கழன்று போனவை. அவை வீடு வீடாகச் சுற்றின. கடைசிப்பக்கம் இல்லாத புத்தகத்தின் முடிவை, முன்னமே வாசித்தவர் வாயால் சொல்லவேண்டும்.

“சேருவினம் எண்டு தெரியும்தானே சின்னம்மா, பிறகு ஏன் கேட்கிறியள்?” என்றேன்.

“அது தெரிஞ்சபடியால்தான் பிள்ளை வாசிச்சனாங்கள். வேற ஒண்டும் எப்பிடி முடியும் எண்டு தெரியாத காலம்.”

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையின்போது படித்திருக்கிறேன். காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடம் நேரே சென்று, ஏன் வாசிக்கிறீர்கள் என்று கேட்டவர் அவர். கதைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, வாசிக்கின்ற அந்த நேரம் தமக்கு மட்டும் உரியது என்பதையே அந்தப் பெண்கள் முக்கியமாகச் சொன்னார்கள். கணவனுக்கும் பிள்ளைக்கும் போக மிஞ்சிய நேரம். சின்னம்மாவின் பதிலும் அதற்கு அருகில் வருகின்றது. ஆனால் அந்த அமெரிக்கப் பெண்களின் கூரைக்கு மேல் பொம்பர் சுற்றவில்லை.

‘தடை’ என்ற கேள்வியை ரமணிசந்திரனிடம் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில்: தப்பபிப்பிராயம். அவன் அவளைப் பிழையாக விளங்கிக்கொண்டான். அவள் விளக்கம் சொல்லாமல் மௌனமாக இருந்தாள். இருவரும் ஒருநாள் மனம்விட்டுப் பேசினால் தடை கரைந்துவிடும். எங்களுடைய நாவல்களில் தடை அப்படிப்பட்டதல்ல. சாதி, சீதனம், ஊர், வறுமை. பேசிக் கரைக்க முடியாதவை. பேசினால் தீர்ந்துவிடும் ஒரு பிரச்சினையை, பேச்சுவார்த்தைகள் முறிந்துகொண்டேயிருந்த ஒரு நாட்டில் பெண்கள் விரும்பி வாசித்ததில் வியப்பில்லை.

ஆனாலும் இந்த நான்கு புத்தகங்களையும் இன்று என்னால் முழு மனதோடு பரிந்துரைக்க முடியாது. கோபக்கார நாயகன் அவமதிக்கிறான், சந்தேகப்படுகிறான், அவள் பொறுத்துக்கொள்கிறாள், கடைசி அத்தியாயத்தில் அவன் உணர்கிறான். பொறுத்தால் அவன் மாறுவான் என்ற இந்த வாக்குறுதி வீட்டு வன்முறைக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆபத்தானது. கதையில் கடைசி அத்தியாயம் கட்டாயம் வரும். வீட்டில் அப்படியொரு அத்தியாயம் வருமென்று யாரும் உறுதி தர முடியாது.

போருக்குள் ஒரு திருமணம்

இறுதிப் போரைப் பற்றிய தமிழ் நாவல்கள் பல வந்துவிட்டன. அவற்றில் காதல் உண்டு. ஆனால் காதலே மையமானவை மிகக் குறைவு. அதனால் நாங்கள் ஆங்கிலத்துக்குப் போனோம். அனுக் அருட்பிரகாசம் 2016இல் வெளியிட்ட முதல் நாவலின் பெயரைத் தமிழில் ‘ஒரு குறுகிய திருமணத்தின் கதை’ என்று சொல்லலாம். 2017இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசைப் பெற்றது. ஷெல் விழுந்துகொண்டிருக்கும் இடம்பெயர் முகாம் ஒன்றில், தினேஷ் என்ற இளைஞனிடம் ஒரு தந்தை வந்து தன் மகள் கங்காவைக் கட்டிக்கொள்ளும்படி கேட்கிறார். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் கதை நடந்து முடிகின்றது.

இந்தப் புத்தகத்தை வன்னியிலிருந்து வந்த வாசகர்கள் எவ்வாறு ஏற்பார்கள் என்று எனக்குத் தயக்கம் இருந்தது. வசனங்கள் நீளமானவை, நிதானமானவை. பங்கருக்குள் இருந்த யாருக்கு இவ்வளவு யோசிக்க நேரம் இருந்தது என்று கேட்கலாம். ஆனால் பிள்ளையைக் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்ற அவசர அவசரமாகக் கட்டிவைத்த குடும்பங்கள் எங்கள் மத்தியில் இருக்கின்றன. முன்பின் பழகாத இருவர், அடுத்த கிழமை உயிரோடு இருப்போமா என்று தெரியாமல், ஒருவருக்கொருவர் சோறு பரிமாறிய அந்தத் திருமணங்களைப் பற்றி நாங்கள் பேசுவதேயில்லை. அவற்றில் சில முறிந்தன. சில இன்றும் நன்றாக இருக்கின்றன. பலவற்றில் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்.

எழுதப்படாத பதின்மூன்றாவது நாவல்

பன்னிரண்டையும் முடித்தபோது ஒன்று உறுத்தியது. காதல் நாவலில் காத்திருப்புக்கு எப்போதும் பலன் உண்டு. காத்திருந்தவளிடம் அவன் திரும்பி வருவான். ஆனால் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் படங்களோடு இருக்கத் தொடங்கிய பெண்களின் காத்திருப்பு எந்தக் கதை வடிவத்துக்குள்ளும் அடங்காது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ பெறலாம். அந்தக் கடதாசி ஒருத்தியை விதவை என்றும் சொல்லாது, மனைவி என்றும் முழுதாகச் சொல்லாது.

அவர்களில் சிலருக்கு 2009இல் இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. மறுபடி ஒருவரை விரும்பியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கணவனை இழந்த, நாற்பது வயதான, இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தியை நாயகியாக வைத்து, அவளுக்கு நிறைவான முடிவைத் தருகிற ஒரு காதல் நாவலை எங்கள் பட்டியலுக்காகத் தேடினோம். ஈழத்துத் தமிழில் எங்களுக்கு அகப்படவில்லை. மரணத்தையும் இழப்பையும் எழுத நமக்கு மொழி இருக்கின்றது. அதற்குப் பின்னான ஆசையை எழுதுவதற்குத்தான் கூச்சம்.

காதல் நாவலைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்டவர்களுக்கு இதுவே என் பதில். யாருக்கு மகிழ்ச்சியான முடிவு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு சமூகம் தீர்மானித்து வைத்திருப்பதை அதன் காதல் கதைகளைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இந்தச் சவாலை நீங்களும் தொடங்கலாம். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நாவல்கள் பல இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. 1981இல் யாழ். பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களை எரியக் கொடுத்த நமக்கு அது சிறிய விடயமல்ல. ஊர் வாசிகசாலையிலும் தூசு தட்டிப் பாருங்கள். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் அவர்கள் எதை வாசித்தார்கள் என்று கேளுங்கள். வாசித்தபின் ‘தடை எது?’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மாட்டுத்தாள் உறை இனித் தேவையில்லை.