கேட்காத சேவைக்குக் காசு போகிறதா?

2006இல் இலங்கைத்துறை முகத்துவாரப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு, சிதறிய உறவுகளோடு பேசவும் நெல் விலை கேட்கவும் கைத்தொலைபேசியே துணை. ரீலோட் போட்ட காசு பேசாமலே குறைந்தால் என்ன செய்வது?

பாட்டு, ராசிபலன், கிரிக்கெட் செய்தி போன்ற சேவைகள், தெரியாமல் ஓர் இலக்கத்தை அழுத்தினாலும் தொடங்கிவிடலாம். சில சேவைகள் முதலில் இலவசம். பின்பு தினமும் கழிவு. நாளுக்கு 3 ரூபா போனால் மாதம் 90 ரூபா. முன்பு கடனாக எடுத்த ரீலோட் கழிவது வேறு விடயம். அதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

பின்பு உங்கள் கம்பனிக்கு அழையுங்கள்: டயலொக் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788. தமிழைத் தெரிவுசெய்து, "என் இலக்கத்தில் உள்ள கட்டணச் சேவைகள் எவை? எப்போது தொடங்கின? எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். கழித்த காசைத் திருப்பித் தரவும் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். மறுநாள் காலை மீதியைப் பாருங்கள்.

சிம் யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பிறர் பெயரில் எடுத்திருந்தால், அதை உங்கள் பெயருக்கு மாற்றுவது நல்லது.

கம்பனி தீர்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்திற்கு முறையிடுங்கள். சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது உங்கள் உழைப்பின் காசு.