பூனைகளில் சிறுநீரகப் புற்றுநோய்

பூனைகளில் சிறுநீரகப் புற்றுநோய் என்பது வீட்டுப் பூனைகளின் சிறுநீரகத்தில் தோன்றும், அல்லது பிற உறுப்புகளிலிருந்து அங்கு வந்து சேரும் புற்றுக்கட்டிகளைக் குறிக்கும். சிறுநீரகத்திலேயே தொடங்கும் புற்றுநோய் பூனைகளில் அரிது. ஆனால் முதிய பூனைகளில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோலத் தோன்றுவதால் புற்றுநோய் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகின்றது.

வகைகள்

மனிதரில் சிறுநீரகப் புற்றுநோய் என்பது பெரும்பாலும் சிறுநீரக நுண்குழாய்களின் உயிரணுக்களில் தோன்றும் கார்சினோமாவையே குறிக்கும். பூனையில் நிலைமை வேறு. இங்கு அதிகம் காணப்படுவது நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா) ஆகும். இது வெள்ளையணுக்களில் ஒரு வகையான நிணநீர் அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாவது. வழக்கமாக இரு சிறுநீரகங்களையும் தாக்கும். கார்சினோமா அடுத்த இடத்தில் உள்ளது. இது முதிய பூனைகளில், பெரும்பாலும் ஒரு சிறுநீரகத்தில் மட்டும் தோன்றும். நெஃப்ரோபிளாசுட்டோமா போன்ற பிற கட்டிகள் மிக அரியவை.

இவ்வேறுபாடு பெயரளவிலானது அன்று. ஒன்றுக்குக் கத்தி, மற்றதற்கு மருந்து என்று சிகிச்சையே மாறிவிடுகின்றது.

பரவுதல்

தமிழில் "பரவுதல்" என்னும் சொல் தொற்றுதலையும் குறிப்பதால் இங்கு ஒரு தெளிவு தேவை. இப்புற்றுநோய் ஒரு பூனையிலிருந்து மற்றொரு பூனைக்கோ மனிதருக்கோ தொற்றுவதில்லை. ஓர் உறுப்பிலிருந்து பிரிந்த புற்றணுக்கள் அதே உடலின் வேறோர் உறுப்பில் குடியேறி வளர்வதே இங்குப் பேசப்படுவது. இது மாற்றிடம் புகல் எனப்படும்.

கார்சினோமா அணுக்கள் சிறுநீரகச் சிரைக்குள் நுழைந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்தை அடைகின்றன. அங்கிருந்து குருதி செல்லும் அடுத்த இடம் நுரையீரலின் நுண்குழாய்கள். அகன்ற குழாய்களில் தடையின்றி வந்த அணுக்கள் இங்குச் சிக்கிக் கொள்கின்றன. எனவே நுரையீரலில் மாற்றிடக் கட்டிகள் அடிக்கடி காணப்படுகின்றன. நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், எலும்பு ஆகியவற்றிலும் இவை தோன்றலாம்.

சிறுநீரக லிம்போமா மைய நரம்பு மண்டலத்துக்குப் பரவும் இயல்புடையது. சிகிச்சையால் தேறிவந்த பூனை திடீரெனப் பின்னங்கால் தளர்ந்து விழுவதும், வலிப்பு காண்பதும் இதனால் நிகழலாம்.

லிம்போமாவின் காரணிகளுள் ஒன்று உண்மையில் தொற்றக்கூடியது. அது 1964 இல் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் கிளாசுக்கோவில் கண்டறிந்த பூனை இரத்தப்புற்று வைரசு ஆகும். இது உமிழ்நீர் மூலம், பூனைகள் ஒன்றையொன்று நக்கும்போது தொற்றுகின்றது; மனிதரைத் தாக்குவதில்லை. இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆயினும் இவ்வைரசு இல்லாத பூனைகளுக்கும் லிம்போமா வருகின்றது.

அறிகுறிகளும் நோயறிதலும்

உடல் மெலிதல், பசியின்மை, சோர்வு, வாந்தி, மிகுதியாக நீர் அருந்துதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். கார்சினோமாவில் சிறுநீரில் குருதி கலந்து வரலாம். சில வேளைகளில் கட்டி எரித்ரோபொயெட்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரப்பதால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும்.

குருதிச் சோதனையை மட்டும் நம்புவது தவறாகும். சிறுநீரகங்களின் மொத்தச் செயற்பாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு இழக்கப்பட்ட பின்னரே கிரியாட்டினின் அளவு தெளிவாக உயர்கின்றது. ஒரு சிறுநீரகம் முழுவதும் கட்டியானாலும் மற்றது நலமாயிருந்தால் சோதனை முடிவு இயல்பாகவே இருக்கலாம். மாறாக, மருத்துவரின் விரல்கள் பயன்படும். பூனையின் சிறுநீரகங்களை வயிற்றின் மேலிருந்தே தொட்டு உணர முடியும். நாட்பட்ட நோயில் அவை பெரும்பாலும் சுருங்கும், புற்றுநோயில் பருக்கும். பருத்தவை யாவும் புற்றல்ல. பாரசீகப் பூனைகளில் பரம்பரையாக வரும் பல்நீர்ப்பை நோயிலும் சிறுநீரகம் பெருக்கும். எனவே மீயொலிப் படத்தின் துணையுடன் மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்வர். பரவலை அறிய மார்பு ஊடுகதிர்ப் படமும் எடுக்கப்படும்.

சிகிச்சை

பரவாத கார்சினோமாவுக்கு அச்சிறுநீரகத்தை முழுவதும் அகற்றுவதே முதன்மையான சிகிச்சை. எஞ்சும் சிறுநீரகம் தனித்து இயங்கவல்லதா என்பது முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும். லிம்போமாவுக்குப் பல மருந்துகள் சேர்ந்த வேதிச்சிகிச்சை அளிக்கப்படும். மூளையைச் சென்றடையக்கூடிய சைட்டராபின் மருந்தும் இதில் சேர்க்கப்படுவதுண்டு. நோய் தணிந்தாலும் பெரும்பாலும் மீண்டும் தோன்றுகின்றது. மனிதருக்குப் பயன்படும் சிசுபிளாட்டின், நுரையீரலில் நீர் கோக்கச் செய்து பூனையைக் கொல்லக்கூடியது. ஆதலால் பூனைக்கு அதனைக் கொடுப்பதில்லை.

ஊசிச் சோதனைக்கு முன்னரே பிரெட்னிசோலோன் போன்ற இசுட்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டால் லிம்போமா அணுக்கள் தற்காலிகமாகக் குறையும். பூனை தேறியது போலத் தோன்றும். ஆனால் நோயை உறுதிப்படுத்துவது கடினமாகும், பின்னர் அளிக்கும் மருந்துகளின் பயனும் குறையக்கூடும்.