பின் சக்கரத்தில் ‘ஊம்ம்ம்’ சத்தமா? பேரிங்கோடு ஸ்பிண்டிலையும் பாருங்கள்!

வண்டி நாற்பதில் போகும்போது ஒன்றும் தெரியாது. அறுபதைத் தொட்டதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிதான் முதலில் கேட்பார், “என்னப்பா, ஏரோப்ளேன்ல போற மாதிரி இருக்கே?” “டயர் சத்தம் பாட்டி” என்று சொல்லிவிட்டு, பேரன் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பார். பழைய மாருதி 800, ஆல்ட்டோ வைத்திருக்கும் வீடுகளில் இது சகஜம்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஆயில் மாற்றுகிறோம், பேட்டரி மாற்றுகிறோம். பின் சக்கரத்தை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வண்டிகளை இழுப்பது முன் சக்கரங்கள், பின் சக்கரங்கள் சும்மா கூடவே உருள்கின்றன, அதில் என்ன கெட்டுப்போகும் என்ற நினைப்பு.

மாட்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு ஸ்பிண்டிலைப் புரியவைப்பது சுலபம். அச்சு சுற்றாது; அதன் மேல் சக்கரம்தான் சுற்றும். சக்கரம் கழன்று ஓடாமல் முனையில் ஒரு கடையாணி இருக்கும். காரிலும் அதே கதைதான். ஸ்பிண்டில் என்பது பின் ஆக்ஸிலின் முனையில் அசையாமல் நிற்கும் இரும்புத் தண்டு. பேரிங் அதன் மேல் உட்கார்ந்திருக்கும், பேரிங்கைச் சுற்றி டிரம்மும் சக்கரமும் சுழலும். கடையாணிக்குப் பதில் ஒரு நட்டும், அது திரும்பாமல் பிடிக்கும் காட்டர் பின்னும்.

தண்ணீரும் சேறும் புகுந்து கிரீஸ் கெட்டால் பேரிங் முனக ஆரம்பிக்கும். அப்போதே மாற்றினால் செலவு பேரிங்கோடு போயிற்று. தள்ளிப்போட்டால், இறுகிப்போன பேரிங்கின் உள்வளையம் ஸ்பிண்டிலின் மேலேயே சுற்றி அதைத் தேய்த்துவிடும். தேய்ந்த தண்டில் புது பேரிங் போட்டாலும் லூசாகத்தான் நிற்கும். “பேரிங் மாத்தி மூணு மாசம்கூட ஆகலை, திரும்பவும் சத்தம் வருது” என்று புலம்புகிறவர்களில் பலருடைய வண்டியில் குற்றவாளி இந்த ஸ்பிண்டில்தான்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலியான சாலையில் ஓட்டும்போது வண்டி வலப்புறம் வளைந்தால் பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் இடப்பக்கத்தின் மேல். பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ‘டக் டக்’ என்று ஆடினால் டிரம்மைக் கழற்றாமல் விடக் கூடாது. தண்டில் கோடு விழுந்திருக்கிறதா, சூட்டில் நீலம் பாரித்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

சத்தமே இல்லாமலும் ஸ்பிண்டில் கெடும். பெரிய பள்ளத்தில் விழுந்தோ, பிளாட்பாரத்தில் மோதியோ வளைந்துவிட்டால், அந்த டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். இந்த வகைப் பின் ஆக்ஸிலில் அலைன்மென்ட்டைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. டயரை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

தேய்ந்தது தெரிந்ததும் பட்டறையில் ஒரு பேச்சு வரும்: “எதுக்கு சார் புதுசு? வெல்டிங் வெச்சு லேத்துல கடைஞ்சிடலாம்.” அதைவிட மலிவாக, “பஞ்ச் அடிச்சு டைட் பண்ணிடலாம்” என்பவர்களும் உண்டு. பஞ்ச் அடித்த புள்ளிகள் கொஞ்ச நாளில் நசுங்கிவிடும். வெல்டிங் அதைவிட ஆபத்து. அந்தச் சூட்டில் இரும்பின் தன்மையே மாறிப்போய், வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் விடலாம். ஒவ்வொரு பள்ளத்திலும் பாரம் வந்து இறங்குவது இந்தத் தண்டில்தான். ஓடும்போது அது ஒடிந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து போய்விடும். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

சில மாடல்களில் ஸ்பிண்டில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும், தனியாக மாற்றிவிடலாம். சிலவற்றில் ஆக்ஸிலோடு ஒட்டியே வரும். ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போவது நல்லது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது கிடைக்கும். அதில் புது பேரிங்கைப் போட்டுப் பார்த்து, துளியும் ஆடாமல் இருந்தால் மட்டுமே காசு கொடுக்கலாம். போல்ட் துளைகளும் மரையும் ஒத்துப்போக வேண்டும்.

மாற்றும் வேலையில் நேரத்தைத் தின்பது துருதான். முதல் நாளே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிரம் கழல ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது, பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணி போதும். பிரேக் பைப்பைக் கழற்ற நேர்ந்தால், மாட்டிய பிறகு காற்று எடுக்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

கடைசி நட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டேப்பர் ரோலர் பேரிங் என்றால் இறுக்கிவிட்டு லேசாகத் தளர்த்த வேண்டும். சாதாரண பால் பேரிங் என்றால் கம்பெனி சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து முழுதாக இறுக்க வேண்டும். அதற்கு இதைச் செய்தால் புது பேரிங்கும் வீண். காட்டர் பின் புதிதாகத்தான் இருக்க வேண்டும். விலை சில ரூபாய்தான்.

எல்லாம் முடிந்து பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பின் சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தெரிந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால், நட்டு அதிகம் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியை அப்படியே பட்டறைக்குத் திருப்புங்கள்.