விடியுமுன் பறக்கும் பச்சை

அந்தமானில் வெளிச்சம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம்தான். அந்தக் கடிகாரத்துக்குக் கணக்கு சொல்லும் தீர்க்கரேகையிலிருந்து சுமார் பத்து டிகிரி கிழக்கே கிடக்கின்றன இந்தத் தீவுகள். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். டிசம்பரிலோ மாலை ஐந்து மணிக்கே அந்தி சாய்ந்துவிடும். பகலுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேர மங்கலில் பறக்கும் ஒரு சிறு பூச்சியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அறிவியல் பெயர் புராரா அமாரா. ஆங்கிலப் புத்தகங்களில் ஸ்மால் கிரீன் ஆலெட். தாவிகள் என்று நாம் அழைக்கும் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிக்கிமில் தொடங்கி அசாம், மியான்மர் வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இதன் நாடு நீள்கிறது. அந்த நாட்டின் கடல் சூழ்ந்த பகுதி அந்தமான். எங்குமே இதைக் கூட்டமாகப் பார்க்க முடியாது.

இறக்கையை விரித்தால் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். மேற்பக்கம் மங்கிய பழுப்பு. பச்சை இருப்பது அடிப்பக்கத்தில்: வெளிறிய பச்சைப் பரப்பில் ஒவ்வொரு நரம்பும் கருங்கோடாக ஓடும். உட்கார்ந்தால் இறக்கைகளை மேலே சேர்த்து மூடிக்கொள்ளும். ஆகவே உயிரோடு இருக்கும் பூச்சியில் நம் கண்ணுக்குப் படுவது பச்சை. அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்தி இறக்கையை விரித்து வைத்த பூச்சியில் தெரிவது பழுப்பு. பெட்டியை மட்டும் பார்த்துப் பழகியவர் இதைக் காட்டில் கண்டால் வேறு இனம் என்றே கடந்து போய்விடக்கூடும்.

முகத்தையும் கவனிக்க வேண்டும். வாயின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகளின் கடைசிக் கணு, செருப்பு தைப்பவரின் குத்தூசியைப் போல மெலிந்து நீண்டிருக்கும். இது சேர்ந்திருக்கும் உட்குடும்பம் முழுவதற்கும் அதுவே அடையாளம். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு குண்டு முனையோடு முடிய, தாவிகளுக்கு அந்த முனை கொக்கியாக வளைந்திருக்கும். உடம்பு பருத்தது, இறக்கை அதற்குச் சிறியது. அதனால் மிதந்து செல்லும் பறத்தல் இதற்கு வராது. படபடவென்று சிறகடித்து, கண் தொடருமுன் மறைந்துவிடும்.

மங்கலில் எப்படி வழி தெரிகிறது? விடை கண்ணுக்குள் இருக்கிறது. பகலில் பறக்கும் சாதாரண வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண்ணில், ஒவ்வொரு சிறு வில்லையும் தனக்குக் கீழே உள்ள ஒளியுணர் பகுதிக்கு மட்டுமே வெளிச்சத்தை அனுப்பும். வெயிலில் அது போதும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் கண்ணில் பல வில்லைகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஒளியைக் குவிக்கும். மங்கலான வெளிச்சமும் அங்கே கூடிப் பெருகும். தாவிகளின் கண் இந்த இரண்டாவது அமைப்பைச் சேர்ந்தது. 1972-இல் ஆஸ்திரேலியாவில் ஏட்ரியன் ஹாரிட்ஜும் உடன் உழைத்தவர்களும் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். வெயிலில் திரியும் தாவிகளுக்கும் அதே கண்தான். புராரா போன்றவை அந்தக் கண்ணை விடியலுக்கும் அந்திக்கும் பயன்படுத்திக்கொண்டன.

இந்தக் கண்ணையும் பருத்த உடம்பையும் பார்த்துத் தாவிகளை 'பாதி அந்துப்பூச்சி' என்று நெடுங்காலம் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. தாவிகள் வண்ணத்துப்பூச்சிக் குலத்துக்கு உள்ளேயே வருகின்றன. நமக்கு நன்றாகத் தெரிந்த அழகிகள்—கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடும் அந்த வாலுள்ள பெரிய பூச்சிகள்—தான் குலத்திலிருந்து முதலில் கிளைத்தவை.

புராரா என்ற பேரினத்தைத் தனியாகப் பிரித்ததற்கும் இந்த நேரக் கணக்கே முக்கியக் காரணம். முன்பு இவை பிபாசிஸ் என்ற பேரினத்துக்குள் கிடந்தன. 2003-இல் வேன்-ரைட், டி யோங் என்ற இரு பூச்சியியலாளர்கள் பகலில் பறக்கும் மூன்று இனங்களை மட்டும் பிபாசிஸில் விட்டு, அரையிருட்டில் பறப்பவற்றைப் பழைய பெயரான புராராவுக்குக் கொண்டுபோனார்கள். உருவத்திலும் நடத்தையிலும் இரண்டும் வேறு என்பது அவர்கள் வாதம்.

வெயில் ஏறியதும் இவை ஓய்ந்துவிடும். காட்டின் நிழலில், இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பகலைக் கழிக்கும். பறக்கும் நேரத்தில் பூக்களுக்கு வரும், உறிஞ்சுகுழல் நீளமானது. ஈர மணலிலும் பறவை எச்சத்திலும் உப்புச் சத்தை உறிஞ்சும். காய்ந்துபோன எச்சம் கிடைத்தால் தாவிகள் பலவும் ஒரு காரியம் செய்யும்: வயிற்றின் நுனியை வளைத்து ஒரு சொட்டு நீரை அதன்மேல் விட்டு, கரைந்து வருவதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். இதைப் படமெடுக்கக் காத்திருக்கும் இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டு மலைக்காடுகளில் நிறையவே இருக்கிறார்கள். இதன் உறவுகளான ஆரஞ்சு ஆலெட்டும் வெளிர்பச்சை ஆலெட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றன என்பதால், அந்தமானுக்குப் போகாமலே இந்தக் குடும்பத்தின் நடையுடையைப் பார்த்துப் பழகலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது புழுப் பருவம். இந்தப் பேரினத்தில் பல இனங்களின் புழுக்கள் கொடித் தாவரங்களை நம்பி வாழ்பவை. ஆரஞ்சு ஆலெட்டின் புழு குருக்கத்திக் கொடியைத் தின்னும். கொம்ப்ரீட்டம் வகைக் கொடிகளும் இவற்றுக்கு உணவு. வீட்டு வாசலில் படரவிடும் ரங்கூன் மல்லி அந்த வகையைச் சேர்ந்ததுதான், காட்டில் இருப்பவை அதன் முரட்டு உறவுகள். முட்டையிலிருந்து வந்த புழு இலையின் ஓரத்தை மடித்துப் பட்டு நூலால் தைத்து உள்ளே இருந்துகொள்ளும். பசிக்கும்போது வெளியே வந்து இளந்தளிரைத் தின்னும், மறுபடி உள்ளே போகும். தளிர் இருக்கும் காலம்தான் இனப்பெருக்கக் காலம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையைத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவக்காற்றிலும் வாங்கும் தீவுகளில் தளிருக்குக் குறைவில்லை. குறை வருவது கொடிக்குத்தான்.

அந்தக் குறையின் வரலாறு மரக்கணக்கிலிருந்து தொடங்குகிறது. 1858-இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை அமைத்தார்கள். 1883-இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை எழுந்தது; அதே ஆண்டு வனத்துறையும் வந்தது. படாக், குர்ஜன் போன்ற மரங்களுக்கு விலை இருந்தது. கொடிக்கு விலை இல்லை. மரத்தை வீழ்த்தும்போது பக்கத்து மரங்களையும் இழுத்துச் சாய்க்கும் இடைஞ்சல் என்று வெட்டுக்கு முன்பே கொடியை அறுத்தார்கள். புது மரம் முளைத்து வரும்போது அதை அமுக்கும் களை என்று மறுபடியும் அறுத்தார்கள். இந்திய வனத்துறையின் பாடப்புத்தகங்களில் கொடி அறுப்பு வழக்கமான பராமரிப்பு வேலை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் வளர்க்க நினைத்தது மரம். ஆனால் ஒரு காட்டை மரமாக மட்டுமே பார்த்த நூறாண்டுப் பழக்கத்தில், கொடியை நம்பிய உயிர்கள் கணக்கில் வராமல் போயின.

அடுத்து வந்தது புள்ளிமான். வேட்டைக்காகவும் அழகுக்காகவும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டார்கள். புலி இல்லை, சிறுத்தை இல்லை. மான் நீந்தும், ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். யானைகள் மரம் இழுக்க வந்தவை. 1962-இல் ஒரு மர நிறுவனம் நொடித்தபோது இன்டர்வியூ தீவில் யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அவை காட்டு யானைகளாகிவிட்டன. புதுச்சேரியை மையமாகக் கொண்டு உழைத்த சூழலியலாளர் ரவூஃப் அலி, வெளியிலிருந்து வந்த இந்தத் தழையுண்ணிகள் அந்தமான் காட்டை என்ன செய்கின்றன என்று தீவு தீவாக ஆராய்ந்து 2004-இல் எழுதினார். மான் தின்னுமிடத்தில் காட்டின் அடித்தளம் புதுப்பிக்கப்படுவதில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தால் பச்சைக் கூரை அப்படியே இருக்கும். கீழே குனிந்து பார்த்தால் கன்றும் இளங்கொடியும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் இந்தச் சேதம் தெரியாது. அந்தமான் நிக்கோபாரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு என்று அரசு அறிக்கைகள் சொல்லும்போது நிம்மதி வருவது இயல்புதான். நான் கேட்பது அந்தக் காட்டின் இடுப்பளவு உயரத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று.

இந்தத் தீவுகளின் பூச்சிகளைப் பற்றி நமக்கு இருக்கும் அறிவில் பெரும்பங்கு பகல் வெளிச்சத்தில் சேர்த்தது. லண்டனில் ஃபிரெடரிக் மூர் 1877-இல் அந்தமான் நிக்கோபார் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பட்டியலிட்டார். அமாராவுக்கு 1860-களிலேயே, வங்கத்து மாதிரியை வைத்துப் பெயர் சூட்டியவரும் அவர்தான். கல்கத்தா அருங்காட்சியகத்தின் வுட்-மேசனும் டி நிசெவிலும் 1880-இலிருந்து போர்ட் பிளேர் பட்டியல்களை வெளியிட்டார்கள். அவர்களுக்குப் பூச்சி அனுப்பியவர்களில் டென்மார்க்கைச் சேர்ந்த டி ரோப்ஸ்டார்ஃப் ஒருவர். தீவு நிர்வாகத்தில் அதிகாரி, நிக்கோபாரின் நான்கௌரி மொழிக்கு அகராதி தொகுத்தவர். 1883-இல் கமோர்ட்டாவில் கொலையுண்டார். அகராதியை அவர் மனைவி முடித்து அடுத்த ஆண்டு வெளிக்கொணர்ந்தார்.

1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த ஃபெரார், ஆட்சி வேலைக்கிடையே வலையும் கையுமாகத் திரிந்தவர். தெற்கு அந்தமானில் ஃபெரார்கஞ்ச் என்று இன்றும் பேருந்துப் பலகையில் இருப்பது அவர் பெயர். 1948-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்த அவரது அந்தமான் நிக்கோபார் வண்ணத்துப்பூச்சிக் கட்டுரை இன்றும் தேடிப் படிக்கப்படுகிறது. தாவிகளைப் பொறுத்தவரை ராணுவ அதிகாரி இவான்ஸின் 1932-ஆம் ஆண்டு நூலும் 1949-ஆம் ஆண்டுப் பட்டியலும் அடித்தளம். சுதந்திரத்துக்குப் பின் போர்ட் பிளேரின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய வீணாகுமாரியும் பிரசாந்த் மோகன்ராஜும் புழுக்கள் எந்தச் செடியைத் தின்கின்றன என்று தேடிப்போனார்கள். என் மதிப்பில் அதுதான் பெரிய மாற்றம். பூச்சியைப் பிடித்துப் பெயர் வைப்பதைக் காட்டிலும் அதன் செடியைக் கண்டுபிடிப்பதே காப்பாற்ற உதவும்.

வெகுஜன கவனம் இன்னும் பெரிய பூச்சிகளின் பக்கமே. 1872 பிப்ரவரி 8 அன்று போர்ட் பிளேரில் வைஸ்ராய் மேயோ பிரபு கொல்லப்பட்ட பிறகு, அந்தமானில் மட்டுமே வாழும் கருநீலப் பெரும்பூச்சிக்கு ஆட்கின்சன் பாப்பிலியோ மேயோ என்று பெயரிட்டார். அந்தப் பெயரும் அளவும் இன்றுவரை அதற்குப் படம் தேடித் தருகின்றன. அரையிருட்டில் பறக்கும் ஐந்து சென்டிமீட்டர் பூச்சிக்கு அந்த வசதி இல்லை. தேசியப் பூங்காக்களுக்குப் பார்வையாளர்கள் போவது பகலில். படகுகளும் அந்த நேரத்துக்கேற்றபடிதான் ஓடுகின்றன. 2021-இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாறிய மவுண்ட் ஹாரியட்டில் ஏறி இறங்கும் பயணி, புராராவின் இரண்டு பறக்கும் நேரங்களையும் தவறவிட்டுத்தான் விடுதி திரும்புகிறார்.

இதற்கு மிகப் பாதுகாப்பான காடு எது என்று கேட்டால், நாம் போகக்கூடாத காடு என்பேன். தெற்கு, நடு அந்தமானின் மேற்குக் கரையோரம் ஜராவா மக்களுக்கான ஒதுக்கீட்டுப் பகுதி ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். அந்த மக்கள் தங்கள் காட்டைத் தங்களுக்கே வைத்துக்கொண்டதால்தான் தாழ்நிலப் பசுமைக்காடு அங்கே இவ்வளவு மிஞ்சியது. பூச்சி ஆராய்ச்சி என்ற பெயரில்கூட அதற்குள் யாரும் நுழையக்கூடாது. வெளியே உள்ள காடுகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2002 மே மாத உத்தரவு மூச்சு விட இடம் கொடுத்தது. மரவெட்டு பெரிதும் சுருங்கியது.

ஆனால் மரத்தை எண்ணும் பழக்கம் போகவில்லை. கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் அமைக்க 130 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு பயனுக்கு மாற்றும் திட்டத்தில், வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்று அரசு மதிப்பிட்டது. ஈடாக மரம் நட ஹரியானாவில் இடம் பார்த்தார்கள். அமாரா அந்தத் தீவின் பூச்சி அல்ல. அதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த மரத்தில் எந்தக் கொடி ஏறியிருந்தது, அந்தக் கொடியில் எந்தப் புழு இருந்தது என்பது அந்த 9.64 லட்சத்தில் எங்கும் இல்லை. ஹரியானாவில் நடப்படும் கன்றில் அது ஏறி வரவும் போவதில்லை. இதை இழப்பீடு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. காட்டுச் சாலையோரம் கொடியை ஒட்ட அறுக்கும் வேலையை வனத்துறை நிறுத்தலாம். சில இடங்களில் மான் புகாத வேலியிட்டு, உள்ளே என்ன முளைக்கிறது என்று ஆண்டுதோறும் குறிக்கலாம். தீவுகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்கள் வீடுகளுக்குப் பின்னாலேயே பல இடங்களில் காடு தொடங்குகிறது. 2020 முதல் செப்டம்பர்தோறும் நாடெங்கும் நடக்கும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பில் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் பங்கெடுக்கலாம். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்: எட்டு மணிக்குப் போகாதீர்கள், நாலரை மணிக்கு எழுந்து போங்கள். பறக்கும் பூச்சியைத் துரத்த வேண்டாம். கொடிகளில் ஓரம் மடிந்து தைக்கப்பட்ட இலையைத் தேடுங்கள். கிடைத்தால் பறிக்காமல் படமெடுங்கள். இலையும் தண்டும் தெளிவாகத் தெரிய இன்னொரு படம் எடுங்கள். கொடியின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இடத்தோடும் மணியோடும் எழுதி வையுங்கள்.